பழைய 16×16 ஸ்பிரைட்டை இன்றைய பிக்சல் பாணியில் வரையும்போது உருவம் உப்பித் தெரிவது ஏன்?

சதுரக்கட்டம் கேட்டது:

வணக்கம். 1985-இல் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டில் வரும் சிறிய மாரியோவின் 16×16 பிக்சல் ஸ்பிரைட்டை (திரையில் நகரும் சிறு உருவப்படத்தை), கைப்பழக்கத்துக்காக இன்றைய பிக்சல் பாணியில் மீண்டும் வரைந்துகொண்டிருக்கிறேன். ஏஸ்பிரைட் மென்பொருளில் 32×32 கட்டம் திறந்து, பழைய உருவத்தை இரு மடங்காக்கி அடி அடுக்கில் மங்கலாக வைத்து, அதன்மேல் 15 வண்ணங்களில் வரைகிறேன். தொப்பி, மீசை, மேலாடை என்று தனித்தனியாகப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. முழு உருவமாகப் பார்க்கும்போதோ பஞ்சடைத்த பொம்மைபோல் உப்பித் தெரிகிறது. பழைய உருவத்தில் இருந்த துடுக்கு காணாமல் போய்விட்டது. நான் எடுத்துக்கொண்ட அளவு பொருந்தவில்லையா, வண்ணங்களைக் கூட்டியதால் வந்த சிக்கலா, பழைய உருவத்தில் இல்லாத கறுப்பு வெளிக்கோட்டைச் சேர்க்கலாமா என்பதை இத்துறையில் பழகியவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கரிக்கோல் பதில்:

வண்ணத்தைத் தொடுவதற்கு முன்னால், பழைய உருவத்தின் ஒவ்வொரு பிக்சலும் அங்கே என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். நிற்கும் நிலையில் மாரியோவின் அகலம் 12 பிக்சல், உயரம் 16 பிக்சல். அந்த விளையாட்டு ஓடிய நின்டெண்டோவின் NES இயந்திரத்தில், ஒளிபுகும் இடத்தை விட்டுவிட்டால் ஒரு ஸ்பிரைட்டுக்குக் கிடைத்தவை மூன்றே வண்ணங்கள் என்பதால் சிவப்பு, தோல்நிறம், பழுப்பு ஆகியவற்றை வைத்தே எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. தலைமுடி, கண், மீசை, சட்டை, காலணி ஐந்தும் அதே பழுப்புதான். கண் என்பது ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் இரண்டு பிக்சல்கள். அதற்குக் கீழே ஒரு கட்டம் தள்ளிக் குறுக்காக ஒரு பிக்சல், அதற்கடுத்த வரியில் நான்கு பிக்சல்கள்: மீசை அவ்வளவுதான். மூக்குக்கென்று கோடே கிடையாது. கண்ணுக்கும் மீசைக்கும் முன்னால் தோல்நிறம் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் நாமாகவே அதை மூக்கு என்று எடுத்துக்கொள்கிறோம். மீசை இருந்தால் வாய் வரைய வேண்டியதில்லை, தொப்பி இருந்தால் முடி வரைய வேண்டியதில்லை என்ற கணக்கில்தான் 1981-இல் டாங்கி காங் விளையாட்டுக்காக இந்த உருவமே பிறந்தது. அதை உருவாக்கிய மியாமோட்டோ இதைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இதையெல்லாம் இரு மடங்காக்கித் தடம் பிடித்தால் கண் 2×4 பிக்சலாக விரிகிறது. இடம் வந்துவிட்டதே என்று அதற்குள் வெண்விழி, கருவிழி, ஒளிப்புள்ளி என நிரப்பத் தோன்றும். பார்ப்பவரின் கண் தானாகப் பூர்த்தி செய்துகொண்டிருந்த முகம் அந்த நொடியே வேறொருவரின் முகமாகிவிடும். ஆகவே அடி அடுக்கை அணைத்துவிட்டு, ஒரே நிறத்தில் நிழலுருவை மட்டும் வரையுங்கள். தொப்பியின் முன்விளிம்பும் மூக்கும் எட்டுவைக்கும் காலும் அந்த ஒற்றை நிறத்திலேயே தெரியும்வரை உள்ளே எதையும் நிரப்ப வேண்டாம். 16 வரிகளில் 7 வரிகளைத் தலை எடுத்துக்கொண்டிருக்கிறது என்ற விகிதத்தைக் குறைக்காமல் இருந்தால் துடுக்கில் பாதி திரும்பி வந்துவிடும்.

உப்பலுக்குக் காரணம் அநேகமாக உங்கள் நிழல்தான். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தீர்மானிக்காமல், எல்லா விளிம்புகளிலும் கருமையாகவும் நடுவில் வெளிறியும் நிழலிட்டால் எந்த உருவமும் தலையணைபோலத்தான் தெரியும். மேலிருந்து சற்று முன்பக்கமாக ஒளி விழுவதாக வைத்துக்கொண்டு, தொப்பி விளிம்பின் நிழலை நெற்றியில் விழவிடுங்கள். மேலாடைக்கு இரண்டு நிறநிலைகள் போதும். சிவப்பின் நிழலுக்கு அதே சிவப்பில் கறுப்பைக் கலக்காமல் ஊதாப் பக்கம் சாயுங்கள், வெளிச்சப் பகுதியில் ஆரஞ்சுப் பக்கம் சாயுங்கள். 15 வண்ணம் என்பது பின்னாளில் வந்த சூப்பர் நின்டெண்டோ இயந்திரம் ஒரு ஸ்பிரைட்டுக்கு வைத்த உச்சவரம்பு. அதை எட்டியே தீர வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

வெளிக்கோடு பின்னணியைப் பொறுத்தது. 1985-இன் வானம் ஒரே தட்டையான நிறம், அதன்முன் கோடில்லாமலேயே மாரியோ தனித்துத் தெரிந்தார். 1993-இல் சூப்பர் மாரியோ ஆல்-ஸ்டார்ஸுக்காக அதே விளையாட்டை மீண்டும் வரைந்தபோது பின்னணியில் விவரங்கள் கூடின. உருவத்துக்குக் கருங்கோடும், சிவப்புச் சட்டைமேல் நீல மேலாடையும் வந்தன. உங்கள் பின்னணி நெரிசலாக இருந்தால் கோடு போடுங்கள். அப்போதும் ஒளி படும் பக்கத்தில் அடர்சிவப்பு, காலடியில் மட்டும் கறுப்பு என்று கோட்டின் நிறத்தை மாற்றிக்கொண்டே போவது நல்லது.

பச்சைத்திரை பதில்:

கரிக்கோல் சொன்னவற்றோடு உடன்படுகிறேன். மூன்று வண்ணம் என்ற வரம்பை மட்டும் அவ்வளவு இறுக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே NES இயந்திரத்துக்கு வந்த 1987-இன் மெகா மேன் விளையாட்டில் முகத்தைத் தனி ஸ்பிரைட்டாக வரைந்து உடலின்மேல் வைத்ததால் அந்த ஒரே உருவத்தில் கூடுதல் வண்ணங்கள் கிடைத்தன. ஒரு கிடைவரியில் எட்டு ஸ்பிரைட்டுகளுக்கு மேல் அந்த இயந்திரத்தால் காட்ட முடியாது என்பதால் அதற்கான விலையைத் திரையில் வேறெங்கோ கொடுக்க வேண்டியிருந்தது. எதிரிகள் கூடும்போது உருவங்கள் மினுக்கியது இதனால்தான். நம் ஊரில் கேசட் செருகி விளையாடியவர்களுக்கு அந்த மினுக்கல் நன்றாகவே நினைவிருக்கும்.

அசல் எது என்பதிலும் கவனம் தேவை. NES இயந்திரம் தொலைக்காட்சிக்கு நேரடியாகக் கலவைச் சிக்னலையே (ஒளியும் நிறமும் ஒன்றாகக் கலந்து செல்லும் சிக்னல்) அனுப்பியதால், அதன் நிறங்களுக்கு இதுதான் சரி என்று சொல்லத்தக்க ஒரே எண்மதிப்பு கிடையாது. ஒரு எமுலேட்டரில் (பழைய இயந்திரத்தைப்போல இயங்கும் மென்பொருளில்) நீலமாக இருக்கும் வானம் இன்னொன்றில் ஊதா கலந்து தெரியும். படத்தில் ஐட்ராப்பரை வைத்து எடுத்த நிறத்தை அசல் நிறம் என்று நம்பி அதிலிருந்து வண்ண வரிசை கட்டாதீர்கள். பிக்சலின் வடிவமும் அப்படித்தான்: அமெரிக்க, ஜப்பானியத் தொலைக்காட்சிகளில் ஒவ்வொரு பிக்சலும் ஏறக்குறைய 8:7 என்ற விகிதத்தில் அகலமாகத் தெரிந்தது. இன்றைய சதுரப் பிக்சலில் பார்க்கும் மாரியோ அன்றைய மாரியோவைவிடச் சற்று ஒல்லியானவர்.

அதற்காக, பழைய பிக்சல் ஓவியம் எல்லாமே டிவியின் மங்கலை நம்பி வரையப்பட்டது என்று இணையத்தில் அடிக்கடி சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. 1991-இன் சோனிக் விளையாட்டில் அருவியைச் செங்குத்துக் கோடுகளாக வரைந்திருக்கிறார்கள், கலவைச் சிக்னலில் அவை கலந்து நீர் ஒளிபுகுவதுபோல் தெரியும். அங்கே அந்த வாதம் பொருந்தும். இரண்டு பிக்சல் கண் எந்தத் திரையிலும் கண்ணாகவே தெரிகிறது.

சதுரக்கட்டம்:

இருவருக்கும் நன்றி. நிழலுருவிலிருந்து மீண்டும் தொடங்குகிறேன். பழைய விளையாட்டில் சிறிய மாரியோவின் நடைக்கு மூன்று படங்கள்தான் இருக்கின்றன. இப்போது இடத்துக்குக் குறைவில்லை என்பதால் அதை எட்டாக உயர்த்தலாமா?

மூன்றாம்சட்டகம் பதில்:

உயர்த்தலாம், ஆனால் அந்த மூன்றையும் முதன்மை நிலைகளாக அப்படியே வைத்துக்கொண்டு, கால்கள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் மட்டும் இடைப்படங்களைச் சேருங்கள். எட்டுப் படங்களுக்கும் நேரத்தைச் சமமாகப் பங்கிட்டால் நடை வழுக்கும். கால் தரையைத் தொடும் படம் மற்றவற்றைவிடச் சிறிது கூடுதலாக நிற்க வேண்டும், உடல் ஒரு பிக்சல் தாழ வேண்டும். அந்த ஒரு பிக்சல் தாழ்வை விட்டுவிட்டு எட்டுக்குப் பதிலாகப் பன்னிரண்டு படம் வரைந்தாலும் நடையில் எடை வராது.

அளவைப் பற்றி ஒரு முன்னுதாரணம் சொல்கிறேன். ஃபைனல் ஃபேன்டஸி விளையாட்டுத் தொடரின் ஐந்தாம், ஆறாம் பாகங்களைக் கைபேசிக்குக் கொண்டுவந்தபோது (2013, 2014) உருவங்களை வழவழப்பாகப் புதிதாக வரைந்தார்கள். ரசிகர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. 2021-இல் தொடங்கிய பிக்சல் ரீமாஸ்டர் வரிசைக்குத் தொடக்ககால உருவங்களை வரைந்த கசுகோ ஷிபுயாவே மீண்டும் வந்தார். உருவங்கள் சிறியனவாகவே இருந்தன, விவரங்களைக் குவிக்கவில்லை, முதல் ஆறு பாகங்களும் ஒரே கைவண்ணமாகத் தெரிந்தன.

உங்கள் 32×32 மாரியோவைப் பழைய 16×16 கற்களின் பக்கத்தில் நிறுத்தப் போகிறீர்களா என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரே திரையில் ஒரு பொருளின் பிக்சல் மற்றொன்றின் பிக்சலைவிடப் பெரிதாக இருந்தால், இரண்டும் தனித்தனியே எவ்வளவு நன்றாக வரையப்பட்டிருந்தாலும் ஒட்டாது. 24 பிக்சல் உயரத்தில் ஒருமுறை வரைந்து பாருங்கள். கண்ணை மூன்று பிக்சலுக்குள் முடிக்க வேண்டிய கட்டாயம் வருவதால் தேவையற்ற விவரங்கள் தாமாகவே கழன்றுவிடும். வரையும்போது பெரிதாக்கிய சாளரத்தோடு, அசல் அளவுச் சாளரம் ஒன்றையும் பக்கத்தில் திறந்து வையுங்கள். இங்கே பதிவேற்றும்போது இரண்டு, மூன்று, நான்கு மடங்கு என முழு எண்ணிலேயே பெரிதாக்குங்கள், ஒன்றரை மடங்காக்கினால் சில பிக்சல்கள் தடித்துவிடும், பிறகு எங்களால் கருத்துச் சொல்ல இயலாது.