வீவ் போல் (வரிசையாக நட்ட கம்புகளுக்கு நடுவே நாய் வளைந்து வளைந்து போகும் தடை): 6 கம்பில் சரியாகப் போகும் லேப்ரடார், 12 கம்பில் பத்தாவதில் வெளியே வந்துவிடுகிறது. பிகினர் வகுப்புக்குத் திரும்பணுமா?

லேப்வீடு:
வணக்கம். இரண்டரை வயது பெண் லேப்ரடார், தோள் உயரம் 55 செ.மீ., எடை 27 கிலோ. அஜிலிட்டியில் (நாய் பல தடைகளைக் கடந்து ஓடும் விளையாட்டு) பிகினர் முடித்து இன்டர்மீடியட் வகுப்புக்கு வந்திருக்கிறோம். ஜம்ப், டனல், ஏ-ஃப்ரேம் (கூரை மாதிரி இருபக்கமும் சரிந்த பலகை) எதிலும் பிரச்சினை இல்லை. வீட்டில் 6 கம்பு வைத்துப் பழக்கினேன், அதில் தப்பே வராது. வகுப்பில் 12 கம்பு. ஒன்பது வரை அழகாகப் போகிறாள், பத்தாவது வந்ததும் வரிசையை விட்டு வெளியே வந்து என்னைப் பார்க்கிறாள். பிகினருக்கே திரும்பிவிடலாமா என்று வகுப்பில் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?

தடைவரிசை:
வகுப்பை மாற்றும் முன் ஐந்து விஷயம் சொல்லுங்க. வீட்டுக் கம்புகளுக்கு நடுவே எத்தனை செ.மீ. இடைவெளி? டேப் வைத்து அளந்து சொல்லணும், உத்தேசம் வேண்டாம். ஓடும்போது நீங்க நாய்க்கு எந்தப் பக்கம்? 12-க்குப் பிறகு அடுத்த தடை எந்தப் பக்கம் இருக்கு? ட்ரீட் எங்கே, எப்படிக் கொடுக்கிறீங்க? இந்தப் பழக்கம் 12 கம்புக்கு வந்த முதல் நாளிலிருந்தே இருக்கா, நடுவில் தொடங்கினதா?

லேப்வீடு:
அளந்துவிட்டேன். வீட்டில் 52 செ.மீ., வெல்டிங் பட்டறையில் அப்படித்தான் செய்து கொடுத்தார்கள். வகுப்பில் 60. நான் எப்போதும் அவளுக்கு இடப்பக்கம். அடுத்த ஜம்பும் இடப்பக்கம். ட்ரீட் கடைசியில் கையால் கொடுப்பேன். முதல் நாளிலிருந்தே இப்படித்தான்.

தடைவரிசை:
விடை உங்க பதிலிலேயே இருக்கு. முதல் கம்பு நாயின் இடது தோள் பக்கம் வர மாதிரி உள்ளே நுழையணும் என்பது விதி. அப்படி நுழைந்தால் ஒற்றைப்படைக் கம்புகளை வலப்பக்கமாகவும் இரட்டைப்படைக் கம்புகளை இடப்பக்கமாகவும் கடக்கும். ஆக, பத்தாவதில் அவ இருப்பது வரிசைக்கு இடப்பக்கம், உங்க பக்கம். அந்த நேரம் உங்க தோளும் பாதமும் இடப்பக்க ஜம்பை நோக்கித் திரும்பியிருக்கும். உங்க பின்னாலேயே வந்துடறா. ஒன்பதிலோ பதினொன்றிலோ வெளியே வந்திருந்தால் வலப்பக்கம் எது இழுக்குதுன்னு தேடச் சொல்லியிருப்பேன்.

இடைவெளி இன்னொரு காரணம். FCI (சர்வதேச நாய் வளர்ப்புக் கூட்டமைப்பு) விதியில் 60 செ.மீ. 55 செ.மீ. உயர நாய் 52-இல் குறுக்கிக் குறுக்கி வளைந்து பழகியிருக்கும். 60-க்கு வந்ததும் கால் வைக்கும் தாளம் மாறுது. 6 கம்பில் சமாளிச்சுடும், 12-இல் கடைசிப் பக்கம் கலைந்துபோகும். முதலில் இதைச் சரி பண்ணுங்க. ஆறு கம்புக்கு முதல் கம்பின் மையத்திலிருந்து கடைசிக் கம்பின் மையம் வரை 300 செ.மீ., பன்னிரண்டுக்கு 660. இது முடியும் வரை வீட்டுப் பயிற்சியை நிறுத்திடுங்க.

அப்புறம் கையால் ட்ரீட் கொடுப்பதை விடணும். கையில் வரும்னு தெரிந்த நாய் கையைத்தான் பார்க்கும். டாயோ ட்ரீட் பையோ, கடைசிக் கம்பைத் தாண்டி 2 மீட்டர் தள்ளி, வரிசையின் நேர்கோட்டில் விழணும். மூக்கு கடைசி இடைவெளிக்குள் நுழையும்போதே எறிங்க. வெளியே வந்த பிறகு எறிந்தால் தலை உங்க பக்கம் திரும்பியிருக்கும்.

பன்னிரண்டை ஒரே மூச்சில் வைக்காதீங்க. ஆறு, ஆறாக இரண்டு செட், ஒரே கோட்டில், நடுவில் 4 மீட்டர். இரண்டாவது செட்டிலும் முதல் கம்பு இடது தோள் பக்கம்தான். தவறு இல்லாமல் போனால் 2 மீட்டர், அப்புறம் 1.2, கடைசியில் 60 செ.மீ. இந்தக் கட்டம் முழுக்க நீங்க 12-ஆவதைத் தாண்டி நான்கைந்து அடி நேராக ஓடணும், ஜம்ப் பக்கம் திரும்பவே கூடாது. அது நிலைத்த பிறகு நீங்க வரிசையிலிருந்து பக்கவாட்டில் விலகி ஓடுவது, அப்புறம் முன்னால் ஓடுவது, பின்தங்குவது, கடைசியாகத் திரும்புவது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாத்துங்க.

வெளியே வந்தால் திட்ட வேண்டாம். பத்தாவதிலேயே கையால் பிடித்து உள்ளே விடுவதும் வேண்டாம், அந்த இடம் நிற்கும் இடம்னு பதிந்துடும். அமைதியா கூப்பிட்டு முதலிலிருந்து. தொடர்ந்து இரண்டு தடவை தப்பினால் ஒரு படி இறங்குங்க. ஐந்தாறு நல்ல ஓட்டம் போதும், ஒருநாள் விட்டு ஒருநாள்.

மண்தரை:
வகுப்பு விஷயத்தில் என் கருத்து: இன்டர்மீடியட்டிலேயே இருங்க. வீவ் ஒன்றுக்காக முழு வகுப்பையும் இறக்குவது நாய்க்கு அநியாயம். பல இடங்களில் பிகினரில் ஒவ்வொரு தடையையும் தனித்தனியே கற்று, மூன்று நான்கு தடைகளைக் கோர்க்கிறார்கள். இன்டர்மீடியட்டில் ஃப்ரன்ட் கிராஸ், ரியர் கிராஸோடு (ஓட்டுபவர் நாய்க்கு முன்னாலோ பின்னாலோ குறுக்கே போய்ப் பக்கம் மாறுவது) நீண்ட வரிசை. உங்க நாய் மற்ற தடைகளில் அங்கேதான் இருக்கு. வகுப்பில் 12 இருக்கும் இடத்தில் அவளுக்கு மட்டும் கடைசி ஆறைக் கழற்றி வைக்கச் சொல்லிக் கேளுங்க. அமெரிக்கன் கெனல் கிளப் (ஏகேசி) போட்டிகளில் நாவிஸ் என்ற தொடக்கப் பிரிவுக்கே ஆறு கம்புதான்.

உடம்பையும் கவனிங்க. விலா எலும்பு கை தடவினால் சுலபமா தட்டுப்படணும். இது முதல் நாளிலிருந்தே இருப்பதால் பழக்கப் பிழைதான். ஆனால் நன்றாகப் போன நாய் திடீரென வெளியே வந்தாலோ, ஒரு பக்கம் வளைய மட்டும் தயங்கினாலோ பயிற்சியை நிறுத்திட்டு தோள், முதுகு, இடுப்பைக் கால்நடை மருத்துவரிடம் காட்டணும். நம்ம ஊர் வெயிலில் காலை ஏழரைக்குள் முடித்துவிடுவது நல்லது. புறங்கையைத் தரையில் வைத்து ஏழு விநாடி தாங்க முடியலைன்னா பாதத்துக்கும் ஆகாது.

லேப்வீடு:
மிக்க நன்றி. பட்டறையில் புதிதாகச் செய்யச் சொல்ல அளவு கிடைக்குமா?

தடைவரிசை:
5 செ.மீ. அகலம், 5 மி.மீ. கனம் உள்ள பட்டை இரும்பு, ஒரு செட்டுக்கு 330 செ.மீ. நீளம், இரண்டு செட். இரு ஓரமும் 15 செ.மீ. விட்டு, 60 செ.மீ.-க்கு ஒன்றாக 10 செ.மீ. உயர இரும்புக் குழாய்த் துண்டு வெல்ட் பண்ணணும். மேலே 1 அங்குல பிவிசி பைப், 1 மீட்டர் உயரம். பைப் துண்டின் மேல் லேசா ஆடுற மாதிரி உட்காரணும், இறுக்கினால் தோளில் அடி பலமா விழும். பட்டை சாயாமல் தாங்கும் குறுக்குக் கால்களை நாய் போகாத பக்கம் வையுங்க: ஒற்றைப்படைக் கம்புக்கு இடப்பக்கம், இரட்டைப்படைக்கு வலப்பக்கம். வெல்ட் முனைகளை அரம் போட்டுத் தேய்த்த பிறகே பெயின்ட்.