கோஸ்போதினோவ் நாவல்கள்: டைம் ஷெல்டர் மூன்றாம் பகுதி பிடிபடவில்லை, எந்த வரிசையில் படிப்பது?

தாழ்வாரம்:
பல்கேரிய எழுத்தாளர் கியோர்கி கோஸ்போதினோவின் டைம் ஷெல்டர் நாவலைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஜூரிச்சில் மறதி நோயாளிகளுக்காகக் காவுஸ்தின் நடத்தும் கிளினிக், தளத்துக்கு ஒரு தசாப்தம், சிகரெட்டும் சுவரும்கூட அந்தக் காலத்துப்படி. இதுவரை பிரமாதம். ஆனால் கதைசொல்லி பல்கேரியாவுக்குத் திரும்பும் மூன்றாம் பகுதியில் யார் எந்த அணி, ஏன் ஊரே பழைய உடுப்பில் பேரணி போகிறது என்பது பிடிபடவில்லை. என்ன வரலாறு தெரிந்திருக்க வேண்டும்? மற்ற நாவல்களை முதலில் படிக்க வேண்டுமா? முடிவைச் சொல்லிவிடாதீர்கள்.

கரும்பலகை:
நாலு தேதி போதும்.

1876 ஏப்ரல்: ஒட்டோமான் ஆட்சிக்கு எதிரான எழுச்சி. ரத்த வெள்ளத்தில் அடக்கப்பட்டது, ஆனால் அடுத்து வந்த ரஷ்ய-துருக்கிப் போரின் முடிவில், 1878ல், பல்கேரிய அரசு பிறந்தது. நாட்டுப்புற உடையும் பழந்துப்பாக்கியுமாக வரும் தேசியவாத அணி ஏங்குவது இந்தக் காலத்துக்கு.

1944 செப்டம்பர் 9, கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்த நாள். 1989 நவம்பர் 10, நாட்டை நீண்டகாலம் ஆண்ட கம்யூனிஸ்ட் தலைவர் தோதோர் ஷிவ்கோவ் பதவி இழந்த நாள். இடைப்பட்ட 45 ஆண்டுகளைத்தான் மற்ற அணி திரும்பக் கேட்கிறது.

நாலாவது 1999 ஆகஸ்ட். தலைநகர் சோஃபியாவின் நடுவில் கம்யூனிஸ்ட் தலைவர் கியோர்கி திமித்ரோவின் பதப்படுத்திய உடலை வைத்திருந்த நினைவு மண்டபத்தை வெடி வைத்து இடித்தார்கள். 1949ல் ஆறே நாளில் எழுப்பிய கட்டடம், ஒரே வெடியில் விழவில்லை. பேரணிப் பக்கங்களுக்கு முன்னால் இது தெரிந்திருக்க வேண்டும்.

1996-97 நெருக்கடியையும் மனதில் வையுங்கள். வங்கிகள் விழுந்தன, விலைவாசி தாறுமாறாக ஏறியது, சேமிப்பு கரைந்தது. கம்யூனிஸ்ட் காலத்தைத் திரும்பக் கேட்கும் ஏக்கத்துக்குப் பின்னால் இப்படியொரு காரணமும் உண்டு. இரண்டு கட்சிகளைப் பற்றிய நையாண்டி என்று மட்டும் படித்தால்தான் மூன்றாம் பகுதி சோர்வு தரும். அது கிளினிக்கின் தொடர்ச்சி. முன்பு நோயாளி ஒருவர், கடந்தகாலத்தை எவ்வளவு கொடுப்பது என்று முடிவுசெய்ய மருத்துவர் இருந்தார். இப்போது நோயாளி ஒரு நாடு, அளவு பார்க்க ஆளில்லை. இப்படிப் பார்த்தால், எந்தக் காலத்துக்குத் திரும்புவது என்ற நாலாம் பகுதியின் வாக்கெடுப்பும் தானாகத் திறக்கும்.

1939 செப்டம்பர் 1, ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்த நாள், எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் பென்சிலால் குறியிடுங்கள். ஏன் என்பதைக் கடைசிப் பகுதியில் பார்ப்பீர்கள்.

ஏழாம்_அலமாரி:
வரலாறு மேலே வந்துவிட்டது. வரிசையைப் பொறுத்தவரை, கையில் இருப்பதை முடித்துவிட்டு ஃபிசிக்ஸ் ஆஃப் சாரோ எடுங்கள். பல்கேரியனில் 2011, ஏஞ்சலா ரோடலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2015. என் கணிப்பில் அவருடைய ஆகச் சிறந்த நாவல் அதுதான். சர்வதேச புக்கர் பரிசின் வெளிச்சம் டைம் ஷெல்டர் மேல் விழுந்ததால் பலர் ஃபிசிக்ஸைத் தவறவிடுகிறார்கள்.

அதில் வழி தவறுவது இரண்டு இடங்களில்.

ஒன்று, 'நான்'. முதல் பக்கத்திலேயே 1913ல் பிறந்தவர், 1968ல் பிறந்தவர், ஒரு பழ ஈ என்று பல 'நான்'கள் பேசுகின்றன. கதைசொல்லிக்குச் சிறுவயதில் பிறர் நினைவுக்குள் நுழைந்துவிடும் கோளாறு உண்டு. மூன்று வயதில் மாவு ஆலையில் மறந்து விட்டுவிடப்பட்ட தாத்தாவின் பயத்தை அவன் தன் பயமாகவே சொல்கிறான். பத்தி தொடங்கும்போது வருடத்தைப் பாருங்கள், யார் பேசுவது என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, பட்டியல்களும் காலப்பேழைகளும் (வருங்காலத்துக்கென்று பொருட்களை வைத்து மூடும் பெட்டிகள்) குவியும் பிற்பகுதி. "கதை எங்கே?" என்று பலர் மூடிவைப்பது இங்கேதான். வளர்ந்தபின் அவனுக்கு அந்த நுழையும் ஆற்றல் போய்விடுகிறது. உள்ளே போக முடியாதவன் வெளியிலிருந்து சேகரிக்கிறான், கதைகளைக் காசு கொடுத்தும் வாங்குகிறான். வடிவம் உடைவதற்குக் காரணம் இந்த இழப்பு. கிரேக்கப் புராணத்தில் காளைத் தலையோடு வரும் மினோட்டாரை அரக்கனாகப் பார்க்காமல் கைவிடப்பட்ட குழந்தையாகப் பார்த்து அவன் சார்பில் வாதாடும் பக்கங்களை அவசரப்படாமல் படியுங்கள். நாவலின் இதயம் அங்கே இருக்கிறது.

நிழற்கோடு:
எனக்கு இந்த வரிசையில் உடன்பாடில்லை. அடுத்து நேச்சுரல் நாவல் (1999) படிக்கலாம். சின்னப் புத்தகம், ஸோர்னிட்சா ஹ்ரிஸ்தோவாவின் ஆங்கிலத்தில் 2005ல் வந்தது. மனைவி வேறொருவரால் கருவுற்றிருக்கிறாள், மணமுறிவு நடக்கிறது. கணவன் அதை நேராகச் சொல்ல முடியாமல் ஈக்கள், கழிப்பறைகளின் வரலாறு, வெறும் தொடக்கங்களால் ஆன நாவல் என்று விலகி விலகிப் போகிறான். விலகல்களைத் தள்ளிவிட்டுப் படித்தால் ஒன்றும் மிஞ்சாது. வலி அவற்றுக்குள்தான் இருக்கிறது. இந்தப் பழக்கம் கைவந்துவிட்டால் ஃபிசிக்ஸின் பட்டியல்கள் மிரட்டாது.

காவுஸ்தின் பற்றி ஒன்று. அவர் டைம் ஷெல்டரில் பிறந்தவரல்ல, முந்தைய படைப்புகளிலும் வந்து போகிறார். வயதையும் தேதிகளையும் பொருத்திப் பார்த்து ஒரே வாழ்க்கை வரலாறாக்க முயலாதீர்கள், பொருந்தாது. டைம் ஷெல்டருக்குள்ளேயே அவர் உண்மையில் இருக்கிறாரா, கதைசொல்லியின் கற்பனையா என்பது திறந்தே விடப்பட்ட கேள்வி.

தாழ்வாரம்:
மிக்க நன்றி. ஃபிசிக்ஸ் தொடங்கும் முன் ருசி பார்க்கக் குறுகியதாக ஏதாவது?

ஏழாம்_அலமாரி:
தியோடர் உஷேவின் பிளைண்ட் வைஷா (2016) அனிமேஷன் பாருங்கள், சுமார் எட்டு நிமிடம். கோஸ்போதினோவின் சிறுகதை. இடக்கண்ணில் கடந்தகாலமும் வலக்கண்ணில் எதிர்காலமும் மட்டுமே தெரியும் பெண். ஆஸ்கார் பரிந்துரை பெற்றது. ஃபிசிக்ஸையும் உஷேவ் 2019ல் படமாக்கினார், உருக்கிய மெழுகில் நிறம் கலந்து தீட்டி. அதை நாவலுக்குப் பிறகு பாருங்கள். அரை மணிக்குள் அடங்க வேண்டியிருப்பதால் நாவலில் உள்ள எல்லாமும் அதில் வராது.

டெத் அண்ட் தி கார்டனர் (2024, ஆங்கிலத்தில் 2025) கடைசியில் இருக்கட்டும். தந்தையின் இறுதி நாட்கள், அவர் வளர்த்த தோட்டம், கிட்டத்தட்ட நேர்கோட்டில் செல்லும் எழுத்து. புரிய எந்த முன்தயாரிப்பும் வேண்டாம். ஆனால் தாத்தாக்களும் அப்பாக்களும் வாய்திறந்து சொல்லாத அன்பை ஃபிசிக்ஸில் பார்த்துவிட்டு வந்தால் இதன் கனம் வேறாக இருக்கும்.