கேஐஆர்: ‘கொல்லி ஏற்பி’ என்று எழுதலாமா?

கடலூர், திருப்பாதிரிப்புலியூரிலிருந்து

அன்பர்களுக்கு வணக்கம்.

குருத்தணு (ஸ்டெம் செல்) மாற்றுச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் நோயாளியின் வீட்டாருக்காக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பத்து நாளாக ஒரே சொல்லில் நிற்கிறது வண்டி. நம் உடலின் கொல்லி உயிரணுக்கள் மேல் இருந்து, பிற உயிரணுக்களைத் தொட்டுப் பார்த்துச் சேதி வாங்கும் ஒருவகை ஏற்பி (ரிசெப்டர்) அது. ஆய்வாளர்கள் கேஐஆர் (KIR) என்று மூன்றெழுத்தில் முடித்துவிடுகிறார்கள். நான் ‘கொல்லி ஏற்பி’ என்று எழுதினேன். என் தங்கை வரைவைப் படித்துவிட்டு, “கொல்கிற ஏற்பி யாரிடம் குறைவோ அவரிடம்தானே அண்ணா குருத்தணு வாங்குவார்கள்?” என்று கேட்டாள். அங்கேயே அந்தச் சொல் விழுந்துவிட்டது.

ஏனென்றால் இந்த ஏற்பி கொல்வதில்லை. கொல்வது இயற்கைக் கொல்லி உயிரணு என்ற வெள்ளையணு. அதன் மேற்பரப்பில் இருக்கும் இந்த ஏற்பிகளில் முக்கியமானவை அதைக் கொல்லவிடாமல் பிடித்து நிறுத்துபவை. புதுவையிலிருந்து வருகிறவர்களுக்கு ஆல்பேட்டைச் சோதனைச்சாவடியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பையில் இருக்கக் கூடாதது இருக்கிறதா என்று துழாவுவார்கள். டி உயிரணு என்ற இன்னொரு வெள்ளையணுவின் வேலை அந்த மாதிரி. கொல்லி உயிரணுவோ, இருக்க வேண்டிய சீட்டு இல்லாதபோது கையை ஓங்குகிற காவலர். அந்தச் சீட்டுதான் எச்எல்ஏ மூலக்கூறு, ‘நான் இந்த உடம்பைச் சேர்ந்தவன்’ என்று உயிரணு தன் மேல் காட்டும் அடையாளம். 1986இல் சுவீடனின் கிளாஸ் கேரெ குழுவினர் இதை எலிகளில் காட்டினார்கள்: சீட்டை இழந்த புற்று உயிரணுக்களை எலியின் உடல் ஒழித்துக்கட்டியது, சீட்டு உள்ளவை வளர்ந்தன.

குருத்தணு மாற்றில் இது எங்கே வருகிறது? எச்எல்ஏ-சி மூலக்கூறு சி1, சி2 என்று இரு வகை. 80ஆம் இடத்து அமினோ அமிலம் ஒன்று மாறுவதால் வரும் வேறுபாடு இது. கொடையாளரிடம் சி2 உண்டு, நோயாளியிடம் இல்லை என்று வையுங்கள். சி2வைக் கண்டால் மட்டுமே அடங்கிப் பழகிய கொடையாளரின் கொல்லி உயிரணுக்கள், நோயாளியின் உடலில் அதைக் காணாமல் எஞ்சிய இரத்தப் புற்றின் மேல் பாய்கின்றன. 2002இல் இத்தாலியின் பெருஜியா குழு, பாதிப் பொருத்தமுள்ள உறவினரிடம் குருத்தணு பெற்ற ஏஎம்எல் (ஒருவகை இரத்தப் புற்று) நோயாளிகளிடம் இப்படிப்பட்ட பொருத்தமின்மை இருந்தால் நோய் திரும்புவது குறைவதைக் கண்டது. பொருந்தாமையே மருந்தாவது எனக்கு இன்றும் வியப்புதான்.

ஆகவே என் முன்மொழிவு: ‘கடிவாள ஏற்பி’.

---

புதுவை, லாஸ்பேட்டையிலிருந்து

ஐயா, வணக்கம்.

கடிவாளம் அழகாக இருக்கிறது. ஆனால் பாதிக் குடும்பத்துக்குத்தான் பொருந்தும். ஆய்வகத்தில் இவற்றின் மரபணு வகையைப் பார்ப்பவள் என்பதால் சொல்கிறேன். இந்த ஏற்பிகளில் இரண்டின் பெயர்களான 2டிஎல்1, 2டிஎஸ்1 ஆகியவற்றைப் பிரித்துப் பாருங்கள். முதல் எண், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மடிப்புப் பகுதிகள் எத்தனை என்பது. எல் என்றால் உயிரணுவுக்குள் இறங்கும் வால் நீளம், எஸ் என்றால் குட்டை. நீள்வால் அடக்கும், குறுவால் கிளப்பிவிடும். (2டிஎல்4 மட்டும் நீள்வாலோடு பிறந்தும் கிளப்பிவிடுகிற பிள்ளை. எந்த வீட்டில்தான் அப்படி ஒன்று இல்லை!)

கிளப்பிவிடுபவற்றைக் கையேட்டில் விட்டுவிடவும் முடியாது. கேஐஆர் மரபணுத் தொகுதி ஏ, பி என இரு வகை. பி-யில் குறுவால் மரபணுக்கள் மிகுதி. உறவல்லாத கொடையாளரிடம் பி இருந்தால் ஏஎம்எல் நோயாளிகள் நோய் திரும்பாமல் வாழ்வது கூடுகிறது என்று 2009இல் ஓர் ஆய்வு வந்தது. 2012இல் இன்னொன்று 2டிஎஸ்1 உள்ள கொடையாளர்களைப் பற்றி அதே திசையில் பேசியது. அதைப் போய்க் ‘கடிவாளம்’ என்றால் எங்கள் மேசையில் சிரிப்பார்கள்.

குடும்பப் பெயராகக் ‘கொல்லணு ஏற்பி’ என்று வைக்கலாமே. கொல்வது அணு, ஏற்பி அதனுடையது. அந்த வேற்றுமையைச் சொல்லே காட்டுகிறது.

இன்னொன்று. எச்எல்ஏ மரபணுக்கள் 6ஆம் குரோமோசோமில் உள்ளன, கேஐஆர் 19இல். தனித்தனியாகவே பிள்ளைகளுக்கு இறங்குகின்றன. எச்எல்ஏ முழுதும் பொருந்திய உடன்பிறப்பு கிடைக்க நான்கில் ஒரு வாய்ப்பு. அப்படிப் பொருந்திய இருவருக்கும்கூடக் கேஐஆர் வேறாக இருக்கலாம். இதைக் கையேட்டில் அவசியம் சேருங்கள்.

---

பண்ருட்டியிலிருந்து

நான் மருத்துவம் அறியாதவன். வரைவில், கொடையாளரின் உயிரணுக்கள் நோயாளியின் உடலையே தாக்குவதை ‘ஒட்டு எதிர் ஓம்புநர் நோய்’ என்று எழுதியிருக்கக் கண்டேன். பலாவில் எத்தனையோ கன்று ஒட்டியிருக்கிறேன், ஒட்டுக்குச்சி வேர்க்கன்றைத் தாக்கியது என்று கேள்விப்பட்டதில்லை. ‘கொடையணுத் தாக்கு’ என்றால் என் போன்றவனுக்கும் விளங்கும்.

---

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து மறுபடியும்

அம்மா, உங்கள் திருத்தத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். குடும்பத்துக்குக் ‘கொல்லணு ஏற்பி’. அடக்குபவை கடிவாள ஏற்பி. கிளப்பிவிடுபவைக்கு, மாட்டை விரட்டும் தார்க்குச்சியை நினைத்துத் ‘தார் ஏற்பி’ என்று வைத்துப் பார்த்தேன். “சாலை போடுகிறவர்களா?” என்றாள் தங்கை. ஆக, ‘உந்தேற்பி’. நீள்வால், குறுவால் இரண்டும் ஆய்வகத்திலேயே இருக்கட்டும். கடிவாளம் போட்டுவிட்டு வாலையும் காட்டினால் வீட்டார் குதிரை வாங்கப் போகிறோம் என்று நினைப்பார்கள்.

பண்ருட்டி ஐயாவின் ‘கொடையணுத் தாக்கு’ ஏற்கப்பட்டது. பெருஜியா ஆய்வில், கொல்லணுக்கள் நோயாளியின் சில உயிரணுக்களை முன்கூட்டியே ஒழித்து அந்தத் தாக்கைத் தணிப்பதை எலிகளில் கண்டார்கள். அந்த வரிக்கு இந்தச் சொல் நன்றாக உட்காருகிறது.

ஒரு எச்சரிக்கையும் சேர்க்கிறேன். பெருஜியாவில் மாற்றுக்கு முன் டி உயிரணுக்களைப் பெரும்பாலும் களைந்துவிட்டார்கள். களையாமல் செய்த இடங்களில் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. அதனால் ‘கேஐஆர் பார்க்க வேண்டும்’ என்பதை ‘எச்எல்ஏ பொருத்தத்துக்குப் பிறகு, சில இடங்களில் கேஐஆரும் பார்ப்பார்கள்’ என்று மாற்றிவிட்டேன். வீட்டார் அதைப் பிடித்துக்கொண்டு நல்ல கொடையாளரைத் தள்ளிவிடக் கூடாது.

ஏற்பி பிடித்துக்கொள்ளும் மூலக்கூறான ‘லிகண்ட்’ இன்னும் பாக்கி. வேதியியல் பாடநூலின் ‘ஈனி’ எனக்குக் கன்று போட்ட பசுவைத்தான் நினைவூட்டுகிறது. கையேட்டில் ‘சீட்டு’ என்றே விடுகிறேன். அதைவிட நல்ல சொல் இருந்தால் அச்சுக்குப் போகும் முன் எழுதுங்கள்.