மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை: நேரில் கண்டவை

சென்ற மார்கழியில் வீசிங் அடிக்கடி வந்ததால், நெஞ்சக மருத்துவர் என்னை, ஊதும் காற்றை அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனைக்கு அனுப்பினார். மூக்கில் கிளிப்பை மாட்டி, குழலை உதடுகளால் இறுகப் பற்றி, "ஊதுங்க, இன்னும் ஊதுங்க" என்று பரிசோதகர் குரல் கொடுக்கக் கொடுக்க, நெஞ்சில் காற்றே மிஞ்சாத வரை ஊதினேன். திரையில் எழுந்த கோடு உச்சியைத் தொட்டதும் உட்குழிந்து சரிந்தது; குழாய் குறுகியிருப்பதன் அறிகுறி அது. பிறகு ஸ்பேசர் என்னும் இடைக்குழல் வழியாக, மூச்சுக்குழாயைத் தளர்த்தும் மருந்தான சால்பியூட்டமால் கொடுத்து, கால் மணி நேரம் உட்கார வைத்து, மறுபடியும் ஊதச் சொன்னார்கள். இம்முறை கோடு அவ்வளவு குழியாமல் இறங்கியது. முதல் நொடியில் வெளியேறும் காற்று 12 சதவீதமும் 200 மில்லிலிட்டரும் கூடினால் குழாய் மருந்துக்கு இளகுகிறது என்று கொள்வார்களாம். நான் அந்த எல்லையைத் தாண்டியிருந்தேன்.

கால் மணி நேரத்தில் குழாயின் உள்வீக்கம் வடிந்துவிடாது, சளியும் அகன்றுவிடாது. மாறியது, மூச்சுக்குழாயைச் சுற்றிப் படர்ந்திருக்கும் மென்தசையின் இறுக்கம்தான். குழாயின் ஆரம் பாதியானால், காற்று சீராக ஓடும் நிலையிலேயே தடை 16 மடங்காகும் என்பதால், அந்தத் தசை சற்றே தளர்ந்தாலும் மூச்சு எவ்வளவு இலகுவாகிறது என்பதை அன்று உடம்பால் அறிந்தேன்.

* * *

மேலே சகோதரி எழுதியதன் மறுபக்கத்தை நான் அன்றாடம் பார்க்கிறேன். நுரையீரல் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிகிறேன். இரவு இருமல் மட்டுமே தொந்தரவாக இருந்த ஓர் இளைஞருக்கு ஸ்பைரோமெட்ரி இயல்பாகவே இருந்தது. மருத்துவரின் மேற்பார்வையில், மூச்சுக்குழாயைச் சுருங்கத் தூண்டும் மெத்தகோலினைச் சிறுகச் சிறுகக் கூட்டிச் சுவாசிக்கக் கொடுத்தோம். ஆஸ்துமா இல்லாதவர்களிடம் பெரிய மாற்றம் எதையும் உண்டாக்காத அளவிலேயே அவருடைய தோள்கள் உயர்ந்தன, பேச்சு துண்டுபட்டது, முதல் நொடிக் காற்று 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. உடனே சால்பியூட்டமால் கொடுத்ததும் மீண்டார். சிறு தூண்டலுக்கே மென்தசை இப்படி மிகையாகச் சுருங்குவதுதான் ஆஸ்துமாவின் அடையாளம் என்பேன்.

குழாயின் அழற்சி (வீக்கம்) மட்டும் இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. 2002-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் ஆய்வாளர்கள், ஆஸ்துமாவையும், ஈசினோஃபில் என்னும் வெள்ளணு வகை மிகுந்த அதே போன்ற அழற்சி இருந்தும் குழாய் இப்படிச் சுருங்காத இன்னொரு இருமல் நோயையும் ஒப்பிட்டபோது, ஆஸ்துமா உள்ளவர்களின் தசைக் கற்றைகளுக்குள்தான் மாஸ்ட் செல்கள் என்னும் நோயெதிர்ப்பு அணுக்கள் மிகுதியாகக் குடியேறியிருந்தன. அவை வெளியிடும் ஹிஸ்டமின் போன்ற பொருள்கள் தசையை அருகிலிருந்தே சுருக்க வல்லவை.

சால்பியூட்டமால் அந்தத் தசையை நான்கிலிருந்து ஆறு மணி நேரம் தளர்த்துமே தவிர, அழற்சியைத் தணிக்காது. ஆகவேதான் பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் அதை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019 முதல் கூறுகிறது. அந்த இளைஞருக்கும் மருத்துவர் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டும் தசையைத் தளர்த்தும் ஃபார்மோடெராலும் சேர்ந்த இன்ஹேலரையே எழுதிக் கொடுத்தார்.