கழுத்து ஜவ்வு தேய்ந்திருக்கிறதாம், கட்டைவிரல் மரத்துப்போகிறது

தன்லின் தையல்காரி:
வணக்கம். எனக்கு 47 வயது, இருபது வருடமாக வீட்டில் தைக்கிறேன். மூன்று மாதமாக வலது கழுத்தில் பிடித்து, தோள் வழியாகக் கைக்கு இறங்குகிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துவிட்டன. போன வாரம் ஓரம் அடிக்கும்போது ஊசி எப்போதோ நழுவிவிட்டது. அது தெரியாமல் வெறும் விரலால் துணியைக் குத்திக்கொண்டிருந்தேன். யாங்கூனில் ஸ்கேன் எடுத்தோம். ஐந்தாவது, ஆறாவது எலும்புக்கு நடுவில் ஜவ்வு தேய்ந்து, எலும்பு முள் வளர்ந்திருக்கிறதாம். என் அம்மா அறுபது வயது வரை தலையில் தட்டு சுமந்து இட்லி விற்றாள், கழுத்துவலி என்று சொன்னதே இல்லை. எனக்கு மட்டும் ஏன்? கை போய்விடுமா?

மோல்மேன் பிசியோ:
அக்கா, பயப்படாதீர்கள். அந்த ஜவ்வு, வெளியே கெட்டி நார், உள்ளே நீர் நிறைந்த கூழ். பெரியவர்களுக்கு அதற்குள் ரத்த ஓட்டம் ஏறக்குறைய இல்லை, மேல் கீழ் எலும்பிலிருந்து ஊறி வருவதுதான் அதற்குச் சாப்பாடு. அதனால் ஒருமுறை கிழிந்தால் லேசில் ஆறாது. வயது ஏற நீர் வற்றி அமுங்கும், ஓரத்தில் எலும்பு முளைக்கும், நரம்பு வரும் வழி குறுகும். உங்களுக்கு நெருக்கப்படுவது ஆறாவது நரம்பு. அது போய்ச் சேருவதே அந்த இரண்டு விரலுக்குத்தான். அம்மாவுக்கும் தேய்ந்திருக்கலாம், யார் ஸ்கேன் எடுத்தது? வலியே இல்லாத எத்தனையோ பேர் ஸ்கேனில் இதே தேய்மானம் தெரியும். தேய்ந்த ஜவ்வு பழையபடி ஆகாது. ஆனால் நரம்பு வலி பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே சில மாதங்களில் குறைகிறது. உங்களுக்கு மூன்று மாதமாக மரத்திருப்பதால் கையின் பலத்தை டாக்டரிடம் மறுபடி சோதித்துக்கொள்ளுங்கள். சலூனில் கழுத்தை நெட்டி முறிக்க மட்டும் விடாதீர்கள்.

பெகு தம்பி:
அக்கா, என் அப்பாவுக்கு வலியே இல்லை. சட்டைப் பட்டன் போட வராமல் போனது, நடை தள்ளாடியது. வயதாகிவிட்டது என்று ஒரு வருடம் விட்டுவிட்டோம். பார்த்தால் தண்டுவடமே நெரிந்திருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு மோசமாவது நின்றது, பழைய கை திரும்பவில்லை. இரண்டு கையும் தடுமாறினாலோ, கால் பின்னினாலோ, சிறுநீர் அடக்க முடியாவிட்டாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

தன்லின் தையல்காரி:
இப்போதுதான் இரண்டு கையாலும் பட்டன் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. நடையும் சரிதான். திங்கட்கிழமை டாக்டரிடம் போகிறேன். அதுவரை ஊசி வேலை மகளுக்கு.