புத்தகத்தில் கடகடவென்று வாசிக்கிறான், தனிச் சொல்லில் நிற்கிறான்: வாசிப்பை எப்படிச் சோதிப்பது?

ஓசூர்_ரெண்டாப்பு:

வணக்கம். ஓசூர் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். 26 பிள்ளைகள். பாதிப் பேருக்கு மேல் வீட்டில் தெலுங்கு, சிலருக்குக் கன்னடம். பிள்ளைகளின் கற்றல் திறனைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் பாடம் நடக்கிறது. அந்த நிலையை எதைப் பார்த்து முடிவு செய்வது என்பதில்தான் எனக்குக் குழப்பம்.

ஒரு பையன் பாடப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ராகத்தோடு வாசிப்பான். விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் அடுத்த வரிக்குப் போயிருக்கும். அதே பக்கத்தில் இருக்கும் 'குடை' என்ற சொல்லைக் கரும்பலகையில் தனியாக எழுதினால் பேசாமல் நிற்கிறான். ஒரு பெண் பிள்ளை இதற்கு நேர் எதிர். எதைக் கொடுத்தாலும் எழுத்துக் கூட்டி, மெதுவாக, ஆனால் சரியாகப் படித்துவிடுவாள். என்ன கதை என்று கேட்டால் முழிக்கிறாள். தெலுங்கில் கேட்டால் கொஞ்சம் சொல்கிறாள்.

இந்த இரண்டு பேரையும் எங்கே வைப்பது? ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம்தான் என்னால் ஒதுக்க முடியும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மலையடிவார டீச்சர்:

டீச்சர், அந்தப் பையன் வாசிக்கவில்லை, ஒப்பிக்கிறான். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் இப்படிச் செய்வார்கள். காதில் விழுந்ததை அப்படியே பிடித்துக்கொள்ளும் நினைவாற்றல் அவனுக்கு இருக்கிறது. அதனால்தான் பாடப் புத்தகத்தை வைத்து வாசிப்பைச் சோதிக்கவே கூடாது என்று பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். அவன் பார்த்தே இராத ஒரு தாள் வேண்டும். நீங்களே கையால் எழுதுங்கள், போதும்.

பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் நடத்தும் 'அசர்' என்ற, பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் பார்க்கும் கணக்கெடுப்பின் முறை இதற்கு நன்றாக உதவும். எழுத்து, சொல், நாலு வரிப் பத்தி, சின்னக் கதை என்று நான்கு படிகள். முதலில் பத்தியைக் கொடுப்பார்கள். அதைச் சரளமாக வாசித்தால் கதை. திணறினால் சொற்கள், அதுவும் வரவில்லை என்றால் எழுத்துகள். ஐந்து சொல்லில் நாலு சரியாக வந்தால் அந்தப் படி தேறியதாகக் கணக்கு. ஒரு பிள்ளைக்குச் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

ஆனால் படியைக் கண்டுபிடிப்பதோடு நின்றால் மறுநாள் என்ன சொல்லித் தருவது என்று தெரியாது. என் அக்கறை முழுக்க அந்த இடத்தில்தான். பிள்ளை எங்கே தடுக்குகிறது என்பதை எழுதி வையுங்கள். தப்பு என்று குறுக்குக் கோடு போடாமல், அது சொன்னதை அப்படியே அந்தச் சொல்லுக்கு மேலே எழுதுங்கள்.

தமிழில் தடுக்கும் இடங்கள் பெரும்பாலும் தெரிந்தவைதான். 'பல்' என்பதை 'ப-இல்' என்று படிக்கும் பிள்ளைக்கு எழுத்தின் பெயர் தெரியும், ஒலியைச் சேர்க்கத் தெரியாது. இக், இங், இச் என்றே சொல்லிப் பழகியதால் அந்த 'இ' ஒட்டிக்கொண்டே வரும். 'கொடி' என்பதைக் 'கெடி' என்று படித்தால் முன்னால் இருக்கும் கொம்பைப் பார்க்கிறது, பின்னால் இருக்கும் காலைப் பார்க்கவில்லை. அப்புறம் உ, ஊ வரிசை. துணைக்காலோ கொம்போ எல்லா மெய்க்கும் ஒரே வடிவம். இந்த வரிசை மட்டும் கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, து, மு என்று ஒவ்வொன்றும் வேறு வேறாக வளையும். மொத்தம் 36 எழுத்துகள். உங்கள் பையன் 'குடை'யில் நின்றதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. 'படை', 'கடை' என்று எழுதிக் கேளுங்கள். அவை வந்துவிட்டால் அவனுடைய சிக்கல் உகர வரிசை மட்டும்தான்.

கூமடு, தெசிபை, தொபிகா என்று பொருளில்லாத சொற்கள் சிலவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "இதெல்லாம் பொம்மைங்க பேரு, படி பார்ப்போம்" என்று சொன்னால் ஆசையாகப் படிப்பார்கள். மனப்பாடத்துக்கு அங்கே வேலையே இல்லை.

இன்னும் ஒன்று. 'பழம்' என்பதைப் 'பளம்' என்று படித்தால் வாசிப்புப் பிழையாக எடுக்காதீர்கள். அது வீட்டுப் பேச்சு. தானே திருத்திக்கொண்டாலும் பிழை இல்லை. அப்படித் திருத்துவது, தான் படிப்பதைத் தானே கவனிக்கிறது என்பதற்கு அடையாளம்.

வாசல்_தன்னார்வலர்:

அந்தப் பெண் பிள்ளையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இல்லம் தேடிக் கல்வி மையத்தில் இது போன்ற பிள்ளைகளோடு இருந்திருக்கிறேன். தெரியாத மொழியின் சொற்களைக் கூடச் சரியாக எழுத்துக் கூட்டுகிறாள் என்றால் அந்தத் திறமை நிஜமானது. அவளை எழுத்து நிலைக்கு இறக்கிவிடாதீர்கள், தயவுசெய்து.

வாசிப்பு என்பது எழுத்தை ஒலியாக்குவதும் மொழியைப் புரிந்துகொள்வதும் சேர்ந்தது என்று 1986-இல் காஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதை வைத்து ஒரு சின்னச் சோதனை செய்யலாம். அதே அளவுள்ள வேறு ஒரு கதையை நீங்கள் வாசித்துக் காட்டிக் கேள்வி கேளுங்கள். காதால் கேட்டால் புரிகிறது என்றால், எழுத்துக் கூட்டுவதிலேயே அவள் கவனம் தீர்ந்துபோகிறது. நிறைய வாசிக்க வாசிக்கச் சரியாகும். கேட்டாலும் புரியவில்லை என்றால் தேவைப்படுவது தமிழ்ப் பேச்சு, கதை, பாட்டு. பதிலைத் தெலுங்கில் சொன்னால் தாராளமாக ஏற்றுக்கொள்ளுங்கள். அவளுக்குப் புரிந்ததா என்பதுதானே கேள்வி.

சிறப்பாசிரியர்_கி:

மேலே இருவரும் சொன்னது சரி. தாளைக் கொடுக்கும் முன் கண்ணும் காதும் பாருங்கள். கரும்பலகையில் நிற்கிறான், புத்தகத்தில் படிக்கிறான் என்றதும் எனக்கு முதலில் அந்தச் சந்தேகம்தான் வந்தது. 'குடை'யைப் பெரிதாக ஓர் அட்டையில் எழுதிக் கையில் கொடுத்துப் பாருங்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், எதிரில் வேண்டாம். மற்ற பிள்ளைகள் காது கொடுக்காத இடமாக இருக்கட்டும். நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று பார்ப்பதானால் கடிகாரம் பிள்ளையின் கண்ணில் படக் கூடாது. ஒரு தாளை வைத்துக்கொண்டு டிஸ்லெக்சியா (வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு) என்று யாரும் பெயர் சூட்டிவிட வேண்டாம். சில மாதம் முறையாகச் சொல்லிக் கொடுத்தும் நகரவில்லை என்றால் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரிடம் அந்தத் தாள்களோடு போய்ப் பேசுங்கள்.

ஓசூர்_ரெண்டாப்பு:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அட்டையில் எழுதிக் கையில் கொடுத்தேன், அப்போதும் 'குடை' வரவில்லை. 'கடை', 'படை' உடனே வந்தன. 'தொபிகா'வையும் சிரித்துக்கொண்டே படித்தான். 'சுவர்', 'முயல்' இரண்டிலும் நின்றுவிட்டான். பெண் பிள்ளை, நான் வாசித்த கதைக்குப் பாதித் தமிழ், பாதித் தெலுங்கில் பதில் சொன்னாள். உகர வரிசையை எந்த வரிசையில் தொடங்குவது, டீச்சர்?

மலையடிவார டீச்சர்:

36-ஐயும் ஒரேயடியாக எடுக்காதீர்கள். ஒரே மாதிரி வளைபவற்றைச் சேர்த்து எடுங்கள். பு, சு, யு, வு நான்கும் கீழே ஒரே மாதிரிக் கோடு இறங்கும், அவற்றில் தொடங்குங்கள். பிறகு து, நு, று. கு, மு, ரு அதற்கு அப்புறம். நெடிலைக் குறில் நிலைத்த பிறகு எடுக்கலாம். இரண்டு வாரம் கழித்து வேறு சொற்களோடு புதுத் தாள் எழுதுங்கள். பழைய தாளை அவன் இந்நேரம் மனப்பாடம் செய்திருப்பான்.