கூவி: சாவிக்கொத்தில் தொங்கும் வில்லைக்கு ஒரு பெயர்

சொல்லாக்க நண்பர்களுக்கு வணக்கம்.

தொலைந்தால் தேடிப் பிடிக்கச் சாவிக்கொத்திலும் பையிலும் மாட்டுகிற புளூடூத் வில்லைக்குத் 'தடங்காட்டி' என்றே பெயர் வைத்துவிடலாம் என்று மூன்று பேர் எழுதியாயிற்று. நான் ஒருவன்தான் முட்டுக்கட்டை போடுகிறேன். இலக்கணத்தில் குறை கண்டுபிடித்து அல்ல. போன மாதம் என் பெரியப்பா மகன் வள்ளியூர் பேருந்து நிலையத்தில் ஒரு மத்தியானம் முழுக்க அலைந்ததால்.

அண்ணனுக்குத் திசையன்விளைப் பக்கம் பலசரக்குக் கடை. குடோன் சாவி, ஷட்டர் சாவி, விளையில் (எங்கள் பக்கம் தோட்டத்தை அப்படித்தான் சொல்வோம்) இருக்கிற மோட்டார் அறைச் சாவி எல்லாம் ஒரே கொத்து. அதில் ஒரு வில்லையை வாங்கி மாட்டிக் கொடுத்தது நான்தான். அன்றைக்குக் கடைப்பையன் கொத்தோடு வள்ளியூருக்குப் போய்ச் சரக்குக்குச் சொல்லிவிட்டு, திரும்பும் வழியில் விளைக்குள் இறங்கி மோட்டாரைப் போட்டுவிட்டுக் கடைக்கு வந்தால், கையில் சாவி இல்லை. அண்ணன் போனைத் திறந்து பார்க்கிறார். படத்தில் வள்ளியூர் பேருந்து நிலையத்தின் மேல் ஒரு புள்ளி. "ஏல, கனெக்சன் போயிட்டுலா. ஆனா சாவி வள்ளியூர்லதான் கெடக்கு, மேப்பு காட்டுதுல்லா" என்று எனக்கு ஒரு போன். தடத்தைக் காட்டுகிற கருவியே சொல்லிவிட்டது, மனுஷன் நம்பாமல் என்ன செய்வார்? டீக்கடை, கழிப்பறை வாசல், நிற்கிற பேருந்து என்று ஒன்று விடாமல் விசாரித்திருக்கிறார்.

சாவி விளையில் கிடந்தது. சாயங்காலம் நானும் அவரும் போனோம். வேலியைத் தாண்டிச் செம்மணலில் முப்பது நாற்பது எட்டு வைத்திருப்போம், அதுவரை சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்த 'ஒலி எழுப்பு' பொத்தானுக்கு உயிர் வந்தது. அழுத்தினேன். ஒன்றும் கேட்கவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் போய் அதை நிறுத்தினார். (அறையைப் பையன் பூட்டவே இல்லை, அதற்கு அவன் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.) மறுபடி அழுத்தினால், அறைக்குப் பின்னால் பனஞ்சருகுக்குள்ளிருந்து மூஞ்சூறு மாதிரி கீச்கீச்சென்று சத்தம். சருகைக் காலால் தள்ளினால் கொத்து.

என்ன நடந்தது என்று வழியில் அவருக்கு விளக்க முயன்றபோதுதான் நம் சொற்களின் குறை எனக்கே உறைத்தது. அந்த வில்லைக்குள் செயற்கைக்கோளைக் கேட்கிற எதுவும் கிடையாது, சிம்மும் கிடையாது. தான் இன்னார் என்ற குறியை மட்டும் 2.4 கிகாஹெர்ட்சில் விட்டு விட்டுச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதன் வேலை அத்தோடு முடிந்தது. அக்கம்பக்கத்தில் போகிற ஏதோ ஒரு போன் அதைக் கேட்டு, தான் நிற்கிற இடத்தைப் பூட்டி முத்திரையிட்டு அனுப்பும். உரியவரின் கணக்கில்தான் அது திறக்கும். ஆக, படத்தில் தெரிகிற புள்ளி, கடைசியாகக் கேட்ட போன் நின்ற இடம். வள்ளியூர் பேருந்து நிலையத்தில் கேட்க நூறு போன் இருந்தது. விளையில் பனைமரமும் ஓணானும்தான். அண்ணனின் போன் கடையிலேயே இருந்தது.

திருச்செந்தூரில் உச்சிகாலப் பூசை முடிந்ததும் மணி அடிப்பார்கள், அதைக் கேட்டு அடுத்த மண்டபத்து மணி, அதைக் கேட்டு அதற்கடுத்தது என்று பாஞ்சாலங்குறிச்சி வரை சத்தம் போய்ச் சேரும், அப்புறம்தான் கட்டபொம்மன் சாப்பிட உட்காருவார் என்று நம் பக்கம் சொல்வார்கள் அல்லவா? இந்த வலையமைப்பும் அதே கதைதான். நடுவில் ஒரு மண்டபத்தில் ஆள் இல்லை என்றால் சேதி அங்கேயே நின்றுவிடும். அதற்காகத் திருச்செந்தூர் மணி உடைந்துவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். நாமோ வில்லையைக் குறை சொல்கிறோம்.

ஆண்ட்ராய்டு பக்கம் இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. கூகுள் 2024 ஏப்ரலில் தொடங்கிய வலையமைப்பில், ஆள் நடமாட்டம் மிகுந்த இடங்களில் மட்டும் பங்கெடுப்பது என்பதுதான் போனில் முதலிலேயே இருக்கிற அமைப்பு. ஒரே ஒரு போன் கேட்டதை வைத்து இடத்தைச் சொன்னால், ஒருவருடைய வீடு இன்னதென்று அம்பலமாகிவிடலாம் என்ற எச்சரிக்கை அது. நியாயம்தான். ஆனால் எங்கள் தேரிக்காட்டு (செம்மணல் காடு) ஓரத்தில் 'பல போன்கள்' எங்கே ஒன்றுகூடும்? திருவிழாவுக்குத்தான். நாமே அமைப்புக்குள் போய் 'எல்லா இடங்களிலும்' என்று மாற்றிக்கொள்ளலாம். நம் ஊர்க்காரர்களுக்கு எழுதுகிற உதவிப் பக்கத்தில் இது முதல் பத்தியிலேயே வர வேண்டும் என்பேன்.

இனி சொல்லுக்கு வருகிறேன். 'தடங்காட்டி' வேண்டாம், இது தடத்தைக் காட்டுவதில்லை. தவிர, அந்தச் சொல் ஜிபிஎஸ்ஸுக்கு என்று ஏற்கெனவே பலர் கையில் புழங்குகிறது. 'ஊடலைத் தேடி' என்று ஒருவர் எழுதியிருந்தார் (ஊடலை என்பது புளூடூத்துக்குச் சிலர் வைத்த தமிழ்ப் பெயர்). தேடுவது நாம், வில்லை தேடப்படுகிறது. அப்புறம், ஊடலை என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தலைவிதான் நினைவுக்கு வருகிறாள். இணைப்பு அறுந்தால் ஊடலைத் தீர்ப்பது எப்படி என்று தலைப்புப் போடலாம், அழகாகத்தான் இருக்கும்! புளூடூத்தை அப்படியே விட்டுவிடுவோம். பத்தாம் நூற்றாண்டு டேனிஷ் அரசன் ஒருவனின் பட்டப்பெயர் அது, பெயர்ச்சொல்லை மொழிபெயர்த்து நாம் ஏன் சிரமப்பட வேண்டும்? 'பின்தொடரி' என்பது ஆளைப் பின்தொடர்கிற அசிங்கத்துக்குத்தான் பொருந்தும்.

குரல் விடுவதுதான் அதன் வேலை என்றால் பெயரும் அங்கிருந்து வரட்டும் என்று நான் எழுதியதும் நல்ல நல்ல யோசனைகள் வந்தன. 'குரலி' பார்வைக்கு அழகு, ஆனால் வாயில் போட்டுப் பார்த்தால் குறளி ஆகிவிடுகிறது. சாவிக்கொத்தில் குறளி வைத்திருக்கிறேன் என்று எந்த ஆச்சியிடமும் சொல்ல முடியாது. 'விளி' கன்னியாகுமரிப் பக்கம் இன்றும் வீட்டுப் பேச்சில் இருக்கிறது, எனக்கும் பிடிக்கும். பழந்தமிழில் அதற்குச் சாவது என்றும் ஒரு பொருள் உண்டு என்பதுதான் இடிக்கிறது. 'சங்கு' என்று எழுதியவர் மில் சங்கை நினைத்திருப்பார். பேட்டரி தீர்ந்த அன்றைக்கு 'சங்கு ஊதியாச்சு' என்று யாராவது சொல்வார்கள், சொல்லத்தான் போகிறார்கள்.

நானே 'கூவுவில்லை' என்று ஒன்றைக் கட்டினேன். வினைத்தொகை, கூவிய, கூவுகிற, கூவும் என்று மூன்று காலமும் அடக்கம் என்று பெருமை வேறு. மதினியிடம் காட்டினேன். "தம்பி, கூவவில்லையா, கூவுவில்லையா? ஒழுங்கா எழுதுங்க" என்றாள். அத்தோடு அது ஒழிந்தது. ஆகவே மிச்சம் 'கூவி'. கூவுவதால் கூவி. சேவல் கூவும், குயில் கூவும், விளைக்கு அந்தக் கோடியில் நிற்கிறவரை வாய் குவித்துக் கூவித்தான் கூப்பிடுவோம். இரண்டே எழுத்து, செயலி, விரலியோடு (பென் டிரைவ்) சேர்ந்து உட்காரும், சாவிக்கூவி, பைக்கூவி, மாட்டுக்கூவி என்று முன்னால் எதை வேண்டுமானாலும் ஒட்டலாம். கூவி விற்பது நினைவுக்கு வருகிறதே என்கிறார் ஒருவர். வரட்டுமே. தெருவில் போகிறவர்கள் காதில் விழட்டும் என்று குரல் விடுவதுதானே இரண்டும்?

பொருளுக்குப் பெயர் வைத்ததோடு வேலை முடியவில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்தக் 'கனெக்சன் போயிட்டு'. நம் மொழிபெயர்ப்புகளில் எதற்கெடுத்தாலும் 'இணை', 'இணைப்பு'. கணக்கோடு சேர்ப்பதும் இணைப்பு, அந்த நேரத்தில் போனோடு பேசுவதும் இணைப்பு, இணையமும் இணைப்பு. 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று ஒரு வரி வந்தால் படிக்கிறவர் எதைச் சரிபார்ப்பார்?

நம் ஊரில் மச்சினன்மார் இருவருக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோகும், உறவு போகாது. இங்கேயும் அப்படியே பிரிக்கலாம். கூவியை ஒரு கணக்கோடு சேர்ப்பது உறவு. பெரும்பாலான கூவிகள் ஒரு நேரத்தில் ஒரு கணக்குக்குத்தான் கட்டுப்படும், பழைய உரிமையாளர் தன் கணக்கிலிருந்து நீக்காமல் கொடுத்தால் புது ஆளிடம் ஒட்டவே ஒட்டாது. போனும் கூவியும் பக்கத்தில் இருக்கிறபோது நடப்பது பேச்சு. போனைக் கடையில் வைத்துவிட்டுச் சாவி மட்டும் வெளியே போனால் பேச்சு நிற்கும், அது கோளாறே கிடையாது. அப்போது செயலி சொல்ல வேண்டியது 'கூப்பிடு தூரத்தில் இல்லை'. பழைய அளவையில் நாலு கூப்பீடு ஒரு காதம், அவ்வளவு தூரமெல்லாம் இது கேட்காது. சுவர் உள்ள வீட்டில் பத்துப் பன்னிரண்டு மீட்டரே பெரிது, வெட்டவெளியில் இன்னும் போகும். ஆனால் பேச்சில் கூப்பிடு தூரம் என்றால் பக்கம் என்று யாருக்கும் தெரியும்.

பேச்சும் நின்று, அந்நியர் போனும் எட்டாத இடத்தில் கிடந்தால்? அதற்குச் சொல் நம்மிடம் தயாராகவே இருக்கிறது: கேட்பாரற்றுக் கிடக்கிறது. இவ்வளவு அச்சாகப் பொருந்துகிற சொல்லை நான் பார்த்ததில்லை. அண்ணன் போனில் அன்றைக்கு 'கேட்பாரற்ற நிலை. கடைசியாகக் கேட்ட இடம்: வள்ளியூர், 11:40' என்று வந்திருந்தால், பையன் அதற்கப்புறம் எங்கே போனான் என்று முதலில் கேட்டிருப்பார். 'கடைசியாகக் கண்ட இடம்' என்று எழுதாதீர்கள், எதுவும் எதையும் காணவில்லை.

குரல் அடைபடுவதும் உண்டு. கொத்தை இரும்புக் கல்லாப்பெட்டிக்குள் போட்டு மூடினால் பக்கத்திலேயே போன் இருந்தாலும் கேட்காது. தண்ணீர் நிறைந்த குடத்துக்குப் பின்னால் வைத்தாலும், இடுப்பில் செருகி மேலே சாய்ந்து உட்கார்ந்தாலும் குரல் மங்கும், 2.4 கிகாஹெர்ட்சைத் தண்ணீர் குடித்துவிடும், உடம்பும் பெரும்பாலும் தண்ணீர்தானே. இதைக் 'குரல் அடைப்பு' என்றால் போதும்.

கடைசியாகக் கூவியே ஊமையாவது. இரண்டு வாரம் கழித்து அண்ணனுக்கு அதுவும் வந்தது. பேச்சு விட்டு விட்டு வருகிறது, கொத்தை உதறினால் வருகிறது, மேசையில் வைத்தால் போகிறது. மூடியை நகத்தால் நெம்பித் திறந்து பார்த்தேன். பையன் புது பட்டன் செல் போட்டிருந்தான், பளபளவென்று. எடுத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்துப் படித்தால் 2025. போட வேண்டியது 2032. முதல் இரண்டு எண் அகலம், 20 மில்லிமீட்டர், இரண்டுக்கும் ஒன்றே. பின் இரண்டு எண் கனம்: ஒன்று 3.2, மற்றது 2.5. அந்த 0.7 மில்லிமீட்டர் இடைவெளியில்தான் தகடு தொட்டும் தொடாமலும் ஆடியிருக்கிறது. கடைக்காரர் 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று கொடுத்திருக்கிறார். இன்னொன்று: குழந்தைகள் விழுங்காமலிருக்கச் சில செல்களில் கசப்புப் பூச்சு பூசுகிறார்கள், நல்ல காரியம், ஆனால் அந்தப் பூச்சுள்ள செல்கள் தங்கள் கூவியான ஏர்டேகில் சில சமயம் வேலை செய்யாமல் போகலாம் என்று ஆப்பிளே சொல்கிறது. செல்லைப் பற்றிய செய்திக்கு 'ஊமை' என்று எழுதினால் மனம் புண்படும் என்று ஒருவர் சொன்னார், ஒப்புக்கொள்கிறேன். 'கூவி ஓய்ந்தது, செல்லை மாற்றவும்' என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆக என் பட்டியலில் கூவி, உறவு, பேச்சு, கூப்பிடு தூரம், கேட்பாரற்ற நிலை, குரல் அடைப்பு, ஓய்தல். 'உறவு' செயலிப் பொத்தானில் கொஞ்சம் நாடகத்தனமாக இருக்கிறது என்பது எனக்கும் தெரிகிறது. 'உறவு சேர்', 'உறவு நீக்கு' என்று திரையில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், உறுத்தினால் 'கணக்கில் சேர்' என்று சாதாரணமாக எழுதிவிடலாம். மற்றவற்றில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

பாக்கி ஒன்று. வேறு யாருடைய கூவியோ நமக்குத் தெரியாமல் நம் பையிலோ வண்டியிலோ ஒட்டிக்கொண்டு கூடவே வந்தால் போன் எச்சரிக்கும். ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து 2024 மே மாதம் இதை இரண்டு வகைப் போனுக்கும் பொதுவாக்கின. அந்தக் கூவிக்கு 'வேற்றுக்கூவி' என்று எழுதி வைத்திருக்கிறேன். மதினி 'களவாணிக் கூவி' என்கிறாள். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் சாவியும் தவறுதலாக இதில் மாட்டலாம், பாவம், அவரைக் களவாணி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?